கணினியின் கணக்கில் தமிழ் எழுத்து

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால், மூன்று என்பார். அதே சொல்லைப் பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் கொடுத்து நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. சொல்லைத் திருப்பி எழுதுமாறு பணித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நாம் எதிர்பார்ப்பது ‘ழ்மித’. கணினி தருவதோ, எவ்வெழுத்தின் மேலும் அமராது அந்தரத்தில் நிற்கும் ஒரு புள்ளி, அதன்பின் ‘ழி’, அதன்பின் ‘ம’, ‘த’. மகரத்திற்கு உரிய இகரம் ழகரத்தின் தோளில் ஏறிவிட்டது. கணினி தனக்குக் கற்பிக்கப்பட்ட இலக்கணப்படி சரியாகவே நடந்திருக்கிறது. அவ்விலக்கணத்தை யார் எழுதினர், எச்சூழலில் எழுதினர், அது நம் இலக்கணத்தோடு எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது என்பனவே இப்பொழிவின் பொருள்.

இக்கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. தொடக்கத்திலேயே இந்தத் தீவுக்கும் அதில் பங்குண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவராக அறியப்படுகிறார். பொறியைச் செய்து கொடுத்தோர் ஜெர்மானியர். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளுக்காக அமைந்த விசைகளில் 247 எழுத்துகளை அடக்குவது எங்ஙனம்? உயிர்மெய்யை உடைத்தாக வேண்டும். கொம்புக்கு ஒரு விசை, துணைக்காலுக்கு ஒரு விசை, புள்ளிக்கு உருளை நகராத ஒரு விசை. ‘கொ’ வேண்டுமெனில் முதலில் கொம்பு, பின்னர் ககரம், பின்னர் கால். அதாவது கை எழுதும் வரிசையே விசையின் வரிசை. உகர, ஊகார வரிசைகள் இதற்கு இணங்கவில்லை. கு, சு, டு, மு எனத் தனித்தனி வடிவங்கள் கொண்ட அவை பல விசைகளை விழுங்கின. தமிழ் எழுத்து என்பது உடைக்கத்தக்க பகுதிகளின் கூட்டு என்ற எண்ணம் அலுவலகத் தட்டச்சர்களின் விரல்களில் முதலில் குடியேறியது. பின்னாளில் எழுந்த பல சச்சரவுகளின் வேர் அங்கே இருக்கிறது.

வீட்டுக் கணினிகள் கடைக்கு வந்த 1970-களின் இறுதியில் எழுத்து என்பது மென்பொருளைச் சார்ந்த பொருளாக இருக்கவில்லை. அது சில்லில் பொறிக்கப்பட்ட புள்ளிக் கோலம். 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினி ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அறிந்திருந்தது. சிறிய எழுத்துகள்கூட அதன் சில்லில் இல்லை. ஆங்கிலத்திற்கே இந்த நிலையென்றால் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள். அச்சதுரத்தில் ‘ட’ எளிதில் அமரும், ‘ணௌ’ அமராது.

இவ்விடத்தில், மொழி ஆய்வாளர் பலரும் ஏளனமாகக் கருதும் ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டியுள்ளது. அது கணினி விளையாட்டு. விளையாட்டு எழுதுவோருக்கு விண்கலமும் பூதமும் திரையில் வேண்டியிருந்தன. அவற்றை எழுத்துகளைப் போலவே புள்ளிக் கோலங்களாக வரைந்தனர். ஆகவே பயனர் தாமே எழுத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை உற்பத்தியாளர்கள் அளித்தனர். 1982-இல் பிரிட்டனில் வெளியான சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினியில் இப்படி 21 வடிவங்களைப் பயனரே வரைந்துகொள்ளலாம். பூதம் வரையக் கொடுத்த கட்டத்தில் அகரம் வரைவதை யாரும் தடுக்க முடியாது. பின்னர் ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு 1984-இல் வந்த ஈஜிஏ, 1987-இல் வந்த விஜிஏ ஆகிய திரை அட்டைகள் முழு எழுத்துத் தொகுதியையே மாற்றிக்கொள்ள இடந்தந்தன. புள்ளி புள்ளியாகப் படம் வரையவும் தந்தன. வண்ணமும் வேகமும் கேட்டுச் சந்தையை வளர்த்தவருள் விளையாட்டுப் பிரியர் முன்வரிசையில் இருந்தனர். அவர்கள் கேட்டுப் பெற்ற வன்பொருளின்மேல்தான் உலகின் சிறுபான்மை எழுத்துகள் ஏறி நின்றன.

ஜப்பானியரின் வழி வேறு. அவர்களிடம் ஆயிரக்கணக்கான எழுத்துகளும் இருந்தன, கணினி செய்யும் தொழிற்சாலைகளும் இருந்தன. 1982-இல் என்இசி நிறுவனம் வெளியிட்ட பிசி-9801 வரிசையில் அவ்வெழுத்துகள் தனிச் சில்லுகளில் வைக்கப்பட்டன. அதன் பயனாக அயல்நாட்டுக் கணினிகள் பல ஆண்டுகள் ஜப்பானியச் சந்தையில் கால் ஊன்ற இயலவில்லை. 1990-இல் ஐபிஎம் ஜப்பான் கிளை, விஜிஏ திரையில் மென்பொருளாலேயே ஜப்பானிய எழுத்தைக் காட்டும் டாஸ்/வி என்னும் இயங்குதளத்தை வெளியிட்ட பிறகே அந்தக் கோட்டைச் சுவரில் விரிசல் கண்டது. விளையாட்டுப் பெட்டிகளில் நினைவகம் மிகக் குறைவு. 1986-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டில் இடம் போதாமையால், கட்டகானா எழுத்துகளில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றால் எழுத இயலும் பெயர்களையே பூதங்களுக்குச் சூட்டினர். வன்பொருள் சொல்லைத் தேர்ந்த கதை அது! தமிழருக்குத் தொழிற்சாலை இல்லை. இந்தியாவில் கான்பூர்த் தொழில்நுட்பக் கழக ஆய்வின் வழிவந்த ‘ஜிஸ்ட்’ அட்டையை சி-டாக் நிறுவனம் விற்றது. கணினிக்குள் அதைச் செருகினால் இந்திய எழுத்துகள் திரையில் வரும். பயனுள்ள பொருள்தான், எனினும் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டிய அட்டை வீட்டுப் பயனரை எட்டவில்லை.

எட்டியது மென்பொருள். 1980-களின் நடுவில் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு’ செயலி, அட்டை எதுவும் செருகாத சாதாரணக் கணினியில் தமிழை எழுத வைத்தது. கனடாவில் சீனிவாசனின் ‘ஆதமி’, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துரு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் ‘கணியன்’ எனப் பட்டியல் வளர்ந்தது. இவர்கள் ஒவ்வொருவரும் தாம் வாழும் நாட்டில் தமிழ் சிறுபான்மை மொழியாக இருந்ததனாலேயே இம்முயற்சியில் இறங்கினர் என்பது என் கருத்து. பக்கத்துத் தெருவில் தமிழ் அச்சகம் உள்ளவருக்கு இத்தகைய செயலி ஒரு வசதி. இல்லாதவருக்கு அது தேவை.

நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டவர், பொறியாளர் அல்லர். இன்று நாம் இயல்பாக வழங்கும் ‘இணையம்’ என்னும் சொல்லை ஆக்கியவராகவும் அவரையே பலர் சுட்டுவர். அவரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ உள்ளிட்டோரும் இணைந்து செய்த பணியின் விளைவாக, சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அமைந்த கவிதைத் தொகுப்பொன்று 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் இணையத்தில் ஏறியது. அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் தோன்றிய மிகத் தொடக்க நிகழ்வுகளுள் அது ஒன்று. அதற்கு உந்துதலாக இருந்தது நான்கு மொழிகளும் ஒருசேர நிற்க வேண்டும் என்ற இந்நாட்டின் மொழிக்கொள்கை. தமிழ் மட்டும் விடுபட்டால் பக்கம் முழுமையாகாது என்பதனால் தமிழுக்கு வழி தேடப்பட்டது. கொள்கை என்பது வெறும் தாள் என்று சலிப்போர் இதனை நினைவிற்கொள்ளலாம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூடியது. இரண்டாவது 1999 பிப்ரவரியில் சென்னையில். அதற்குச் சில மாதங்களில் நா. கோவிந்தசாமி மறைந்தார். 2000-இல் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூருக்குச் சென்றது.

இம்மாநாடுகளில் பேசித் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் என்ன? விண்டோஸ் 95 காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தி எழுத்துருக்கள் செய்யப்பட்டன. ‘அ’ எந்த இருக்கையில் அமர வேண்டும் என்பதில் இரு எழுத்துருக்கள் ஒத்துப்போவது அரிது. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில் மடல் ஆங்கில எழுத்துகளின் அர்த்தமற்ற குவியலாகத் தோன்றும். ஒவ்வோர் இதழும் தன் இணையப் பக்கத்தைப் படிக்கத் தன் எழுத்துருவைப் பதிவிறக்கக் கோரியது. அக்காலத்தில் அரிதின் முயன்று தட்டச்சிட்டவற்றுள் எவ்வளவு இன்று திறக்க இயலாத கோப்புகளாகக் கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. மடலாடற்குழு விவாதத்தில் பிறந்த ‘திஸ்கி’ ஒருபுறம், சென்னை மாநாட்டை ஒட்டி வந்த ‘தாம்’, ‘தாப்’ என்னும் தரங்கள் மறுபுறம் என, ஒழுங்கு செய்ய வந்த முயற்சிகளே இரு முகாம்களாயின. அதே மாநாட்டின் விளைவான ‘தமிழ்99’ விசைப்பலகை மட்டும் நிலைத்தது. அது உயிரையும் மெய்யையும் இடப்புறம் வலப்புறமாகப் பிரித்து, இலக்கணத்தின்படி எழுத்தைக் கூட்டியது. தட்டச்சுப் பொறியின் கொம்பும் காலும் அதில் இல்லை.

இவ்விவாதங்கள் நிகழும் முன்பே யூனிகோடு, அதாவது ஒருங்குறி, வந்துவிட்டது. அதன் முதற்பதிப்பு 1991-இல் வெளியானது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களை நிரப்பிய முறை இந்திய அரசின் ‘இஸ்கி’ தரத்திலிருந்து வந்தது. இஸ்கியின் நோக்கம், பிராமியிலிருந்து பிறந்த எழுத்துகள் அனைத்தையும் ஒரே வார்ப்பில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் பெயர்ப்பது. தேவநாகரியில் ஒலிப்புடை ககரம் இருக்கும் இடம் தமிழில் வெற்றிடமாக விடப்பட்டது. தேவநாகரியில் இல்லாத ன, ற, ழ ஆகியவை தம்மை ஒத்த ந, ர, ள ஆகியவற்றின் அருகில் செருகப்பட்டன. ஆகவே குறியெண் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் ‘வனம்’ முன்னும் ‘வயல்’ பின்னும் வரும். நம் அகராதியில் னகரம் கடைசி மெய். எனவே வயலுக்குப் பின்னரே வனம். ‘ஜ’ சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையில் நுழையும். மெய்யெழுத்து உயிர்மெய் வரிசைக்குப் பின் தள்ளப்படும். வரிசைப்படுத்தத் தனி விதிகள் இயங்குதளங்களில் உள்ளன; அவற்றை அழைக்க மறந்த நிரலரின் செயலியில் பெயர்ப்பட்டியல் இன்றும் இப்படித்தான் குழம்பும்.

இங்கே எழுந்த பெருவிவாதத்தைச் சற்று விரிவாகக் காண வேண்டும். ஒருங்குறியில் ககரம் ஒரு குறி. ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும். ‘க்’ என்பது ககரமும் புள்ளியும். இதனைத் தமிழ் இலக்கணத்திற்கு இழைத்த அநீதி என்றனர் பலர். மெய்தான் முதல், அதனோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய்; ‘க்’ என்பதிலிருந்து ‘க’ பிறக்க வேண்டுமே ஒழிய, ‘க’ என்பதிலிருந்து ‘க்’ பிறப்பது தலைகீழ் என்பது அவர்கள் வாதம். தொல்காப்பியத்தின் எழுத்துக் கொள்கைப்படி அவ்வாதம் சரியானது. மாற்றுத் தரப்பினர், கண்ணால் காணும் வரிவடிவத்தைப் பாருங்கள், ககரத்தின் மேல் புள்ளி வைத்தால்தானே ‘க்’, அதையே நாங்கள் குறித்தோம் என்றனர். வரிவடிவப்படி அதுவும் சரியானது.

மொழியியலாளருக்கு இதில் வியப்பில்லை. ‘எழுத்து’ என்னும் சொல் தமிழில் ஒலியையும் குறிக்கும், வரியையும் குறிக்கும். தொல்காப்பியர் பேசியது முதன்மையாக ஒலியை. இஸ்கி எடுத்துக்கொண்டது பிராமி மரபின் வரியை. இரண்டிற்கும் இடையிலான இழுபறி ஈராயிரம் ஆண்டு பழைமையுடையது. தமிழ்நாட்டுக் குகைத்தளங்களின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன், அவற்றுள் வெவ்வேறு எழுத்து முறைகளைப் பிரித்துக் காட்டினார். ஒரு முறையில் குறியற்ற ககரம் ‘க்’ என்றே படிக்கப்பட வேண்டும். அகரத்தைக் காட்டவே ஒரு கோடு சேர்க்கப்பட்டது. அதாவது இன்று ஒருங்குறியை எதிர்ப்போர் கேட்கும் அமைப்பைக் கல்தச்சர் ஒருவர் அன்றே செதுக்கியிருக்கிறார். ஆயின் அகரமும் ஆகாரமும் அக்கோட்டில் மயங்கின. மயக்கத்தைத் தீர்க்கப் புள்ளி வந்தது, புள்ளி முறையே நிலைத்தது. பின்வந்த ஓலை எழுத்தாளர்கள் அப்புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிட்டனர் என்பது வேறு கதை. ஆகவே ஒருங்குறி தமிழுக்குப் புறம்பான ஒன்றைத் திணித்தது என்று நான் கருதவில்லை. தமிழ் எழுத்து வரலாற்றின் இரு வழக்குகளுள் ஒன்றை அது தேர்ந்தது. தேர்ந்தபோது தமிழறிஞர் போதிய அளவில் அவையில் இல்லை. எனக்குள்ள குறை பின்னதே.

எதிர்ப்பாளர் முன்வைத்த மாற்று, 247 எழுத்துகளுக்கும் கிரந்த வரிசைகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் ‘டேஸ்-16’. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு இதனையும் தரமாக அறிவித்தது. ஒருங்குறியின் பொதுவிடத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. தனியார் பயன்பாட்டுப் பகுதியிலேயே நிற்கிறது. கொரிய மொழிக்கு 1996-இல் 11,172 அசையெழுத்துகளும் தனித்தனியே தரப்பட்டனவே, தமிழுக்கு ஏன் மறுப்பு என்ற வினா நியாயமானது. விடையும் எளிது: கொரியர் உரிய காலத்தில், உரிய அவையில், அரசின் துணையோடு கேட்டனர். அதற்குப் பிறகு, ஒருமுறை தந்த குறியெண்ணை மாற்றுவதில்லை என்ற உறுதிப்பாடு வந்துவிட்டது. கணினித் தரங்களில் காலந்தாழ்த்தியவருக்குக் கொல்லைப்புறமே கிடைக்கும்.

இயங்குதளங்கள் தமிழை ஏற்ற வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்தது. கொம்பை இடப்புறம் நகர்த்தும் வேலையை அன்றுமுதல் இயங்குதளமே செய்தது. லினக்ஸில் தன்னார்வலர்கள் பட்டிகளையும் கட்டளைகளையும் தமிழாக்கினர். ஆப்பிள் கணினிகளில் முத்து நெடுமாறனின் ‘இணைமதி’ இடம்பெற்றது. 2013-இல் ஐஓஎஸ் 7 ‘அஞ்சல்’, ‘தமிழ்99’ விசைமுகங்களோடு வந்தது. இடையில் கைப்பேசிகளின் ஒரு காலம் உண்டு. அவரது ‘செல்லினம்’ 2005-இல் கைப்பேசிக் குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்ப வழி செய்தது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும். தமிழ் என்றவுடன் அது 70 ஆகச் சுருங்கும். ‘கி’ இரண்டு குறி என்பதால் உண்மையில் நாற்பது எழுத்துக்கு மேல் தேறுவது கடினம். ஒரே செய்தியைத் தமிழில் அனுப்ப இருமடங்கும் அதற்கு மேலும் கட்டணம் கொடுத்தோர் இவ்வவையில் இருக்கக்கூடும். இளையர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதப் பழகியதற்கு மொழிப்பற்று குறைந்ததே காரணம் என்று மேடைகளில் கேட்கிறோம். கட்டணச் சீட்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இனி நிரல்மொழிகள். கணினிக்குக் கட்டளை இட ஆங்கிலம் தேவையா என்ற வினா அமெரிக்காவிலேயே எழுந்தது. நிரல்மொழி முன்னோடியான கிரேஸ் ஹாப்பர், 1950-களின் நடுவில், ஆங்கிலச் சொற்களால் ஆன கட்டளைகளை ஏற்கும் தொகுப்பியைத் தம் நிறுவனத்தாருக்குக் காட்டியபோது, அச்சொற்களைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாக மாற்றியும் அதே நிரல் ஓடுவதைக் காட்டினாராம். பொறிக்கு அச்சொற்கள் வெறும் அடையாளங்கள் என்று விளக்குவதே அவர் நோக்கம். மேலாளர்களோ, அமெரிக்காவில் செய்த கணினி பிரெஞ்சு மொழியை எப்படி அறியும் என்று மிரண்டனர் என அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1968-இன் ஆல்கால் மொழி, கட்டளைச் சொற்களைப் பிற மொழிகளுக்குப் பெயர்க்க இடம் வைத்தது. ரஷ்யர் அதனைப் பயன்கொண்டனர். ஆப்பிள் தன் ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழிக்குப் பிரெஞ்சு, ஜப்பானிய வடிவங்களைத் தந்து, பின்னர் கைவிட்டது. எக்செல் செயலியின் நிரல்மொழி சில காலம் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இருந்தது. 1997 பதிப்பில் ஆங்கிலத்திற்கே திரும்பியது. பெர்லினில் எழுதிய நிரல் பாரிசில் ஓடவில்லையெனில் வணிகம் பொறுக்காது.

தமிழில் இம்முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது முத்தையா அண்ணாமலையின் ‘எழில்’. 2007 அளவில் தொடங்கி, 2013-இல் திறமூலமாக வெளியானது. அச்சிடுவதற்குப் ‘பதிப்பி’, முடிப்பதற்கு ‘முடி’, மாற்று வழிக்கு ‘இல்லை’ எனக் கட்டளைகள். இதில் என்னைக் கவர்ந்தது சொற்களைக் காட்டிலும் அவற்றின் வரிசை. ஆங்கிலத்தில் ஐயச்சொல் முன்னே வந்து, நிபந்தனை பின்னே வரும். தமிழ் வினையை இறுதியில் வைக்கும் மொழி. நிபந்தனையும் ‘மழை பெய்தால்’ என்று ஈற்றிலேயே குறிபெறும். எழிலில் நிபந்தனை முதலில் எழுதப்பட்டு, அதன்பின் ‘ஆனால்’ என்னும் சொல் வருகிறது. இது தமிழின் தொடரமைப்பை உணர்ந்த செயல். இன்றைய வழக்கில் ‘ஆனால்’ எதிர்மறைத் தொடர்ச்சியையே பெரிதும் குறிப்பதனால் ‘எனில்’ என்று வைத்திருக்கலாம் என்பது என் சிறு திருத்தம்.

தொடரமைப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்று தோன்றுகிறது. சார்லஸ் மூர் 1970-ஐ ஒட்டி உருவாக்கிய ஃபோர்த், அடோபி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகளில் எண்கள் முதலிலும் செயல் பின்னரும் வரும்: 2, 3, கூட்டு. ஆங்கிலேய மாணவருக்கு இது தலைகீழ். தமிழ் மாணவருக்கோ ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்னும் அன்றாடத் தொடர். ஜப்பானிய மொழியும் வினையை இறுதியில் வைப்பதே. அங்கே 1980-களில் ஃபோர்த்தை அடியாகக் கொண்டு ‘மைண்ட்’ என்னும் ஜப்பானிய நிரல்மொழியைச் செய்தனர். நம்மவர் இவ்வழியில் செல்லாதது விந்தையே.

எனினும் கட்டளைச் சொற்களின் தமிழாக்கம் தடையை நீக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. பைத்தானில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35. நம் பிள்ளைகள் மூன்று நாளில் கற்பர். உண்மையான சுமை வேறு. நூலகங்களின் ஆயிரக்கணக்கான செயற்பெயர்கள் ஆங்கிலம். பிழைச் செய்திகள் ஆங்கிலம். விளக்க நூல்களும் ஐயந்தீர்க்கும் உரையாடல்களும் ஆங்கிலம். நிரல் எழுதும் ஒருவர் தன் நேரத்தில் பெரும்பகுதியைப் பிழை தேடுவதில் கழிக்கிறார்; அப்போது அவர் எழுதுவதைவிடப் படிப்பதே மிகுதி. ஆகவே மலேசியத் தமிழ்ப்பள்ளியில் தமிழ்வழி பயிலும் பத்து வயதுச் சிறுவருக்கு ‘இந்த மாறிக்கு இன்னும் மதிப்பு தரப்படவில்லை’ என்று தமிழில் சொல்லும் ஒரு பிழைச் செய்தி, முப்பத்தைந்து சொற்களின் தமிழாக்கத்தினும் பயன் மிக்கது. 2008-இன் இறுதியில் வந்த பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க இசைகிறது. ‘மொத்தம்’, ‘வயது’ என்று எழுதலாம். இதனைப் பயன்படுத்தும் பாடநூல்தான் என் கண்ணில் படவில்லை.

சிங்கப்பூரில் நிலை வேறு. இங்கே பிள்ளைகள் நிரலாக்கத்தை ஆங்கிலத்தில் கற்பர். அதில் அவர்களுக்கு இடர்ப்பாடும் இல்லை. இங்குள்ள கேள்வி, தமிழுக்கான நிரலை யார் எழுதுவர் என்பது. ‘மௌனம்’ என்பதை ஒருவர் ஔகாரக் குறியோடு தட்டச்சிடுகிறார். மற்றொருவர் எகரக் கொம்பும் மகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சிடுகிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நூலகத் தேடுபொறிக்கு வேறு. துணைக்காலின் மேல் இகரக் குறியை ஏற்றி ‘ரி’ போலத் தோன்றச் செய்த ஆவணங்கள் ஏராளம். அவற்றில் ‘ஆசிரியர்’ என்று தேடினால் ஆசிரியர் அகப்படார். ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தாலும் எழுதலாம், 2005-இல் ஒருங்குறி சேர்த்துக்கொண்ட ஶகரத்தாலும் எழுதலாம். திரையில் ஒரே வடிவம், உள்ளே இருவேறு குறியெண்கள். இவற்றை ஒழுங்கு செய்யும் கருவி எழுத நிரல் மட்டும் தெரிந்தால் போதாது. ளகரத்திற்கும் ஔகாரத்தின் பின்பாதிக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். பைத்தானுக்காக எழுதப்பட்ட ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறமூல நூலகம் இத்திசையில் நல்ல தொடக்கம். ‘தமிழ்’ என்பதை அதனிடம் கொடுத்தால் மூன்று எழுத்துகளாகப் பிரித்துத் தரும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி எந்த நூலகமும் இன்றித் தானே மூன்று என்கிறது. ஒருங்குறியே வகுத்த எழுத்துக்கூட்டு விதியை அது பின்பற்றுகிறது.

ஆயின் ‘பக்ஷி’ என்று எழுதி அதே ஸ்விஃப்ட்டைக் கேட்டால் மூன்று என்னும்: ப, க், ஷி. பள்ளி அட்டையில் க்ஷகரத்தைத் தனி எழுத்தாகக் கற்ற ஆசிரியர் இரண்டு என்பார். ஒலியியல்படி ககரமும் ஷகரமும் இரு மெய்கள். அச்சு மரபுப்படி ஒரு வடிவம். அகராதிகளும் இதில் ஒருமித்த நடைமுறை கொண்டிருக்கவில்லை. விதியை எழுதியோர் பொறியாளர். திருத்தம் வேண்டுமாயின் முன்மொழிவை ஏற்க அவர்களிடம் ஒரு நடைமுறை உண்டு. அதற்கு முன் க்ஷ ஓர் எழுத்தா இரண்டா என்று தமிழிலக்கணம் கற்றோர் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.